பொருநைக் கரையில் ஓவியம் தேடிப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் அல்வா வாங்குகிறார்கள், குற்றாலத்தில் குளிக்கிறார்கள், நவதிருப்பதியும் நவகைலாயமும் சுற்றிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அவர்கள் கடந்துபோகும் கோபுரங்களுக்குள்ளும் மண்டபங்களுக்குள்ளும் ஓவியங்கள் இருக்கின்றன. நான் வீரவநல்லூர்ப் பக்கத்துக்காரன். ஊருக்கு வரும் நண்பர்களையும் உறவினர்களையும் பல ஆண்டுகளாக இந்தச் சுவர்களுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஓவியர்கள் வாழ்ந்த வீடுகள் ஏதாவது இங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றனவா?

பிரான்சில் சேன் ஆற்றையொட்டி ழிவெர்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. குளோத் மொனே 1883 முதல் 1926-இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அவருடைய வீட்டையும், அவர் ஓயாமல் வரைந்த அல்லிக் குளத்தையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் அப்படி ஒரு வீட்டை என்னால் காட்ட முடியாது. எட்டயபுரத்தில் பாரதியின் வீடு இருக்கிறது, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி.யின் இல்லம் இருக்கிறது; அவை எழுத்தாளருக்கும் விடுதலை வீரருக்கும் ஆனவை. நம் கோயில்களில் வரைந்தவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் அவர்கள் சாரம் கட்டி, அண்ணாந்து நின்று, கழுத்து வலிக்க வேலை செய்த இடம் அப்படியே இருக்கிறது. வாழ்நாளின் பாதியை அங்கேதானே கழித்திருப்பார்கள்? அந்தச் சுவர்களையே அவர்களுடைய வீடாக நினைத்துப் போங்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வேன்.

பெயரும் ஊரும் தெரிந்த ஓவியர் ஒருவர் இருக்கிறார், கோவில்பட்டி கொண்டையராஜு. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே ஓர் இடம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்?

யோசிக்காமல் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கும் சிற்றூர். சுவாமி பெயர் நாறும்பூநாதர், அம்பாள் கோமதி. கருவூர்ச் சித்தர் அக்கரைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்ததாம். கடக்க முடியாமல் அங்கிருந்தே “நாறும்பூநாதா” என்று கூப்பிட, குரலைக் கேட்கச் சுவாமி தலையைச் சாய்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். லிங்கம் இன்றும் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

கிழக்கே ஐந்து நிலை ராஜகோபுரம். வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கோபுரங்களைப் போலத்தான் தெரியும். விஷயம் உள்ளே இருக்கிறது. ஏறிப் போனால் சுவர் முழுக்க ஓவியம். நடுவே செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரத் தூண்கள், உத்தரங்கள். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் சுவரோவியம் உண்டு. ஒரு கோபுரத்தின் வயிற்றுக்குள் இவ்வளவு ஓவியமும் மரச் சிற்பமும் ஒன்றாக இருப்பதைப் போல இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை.

அந்த ஓவியங்களில் என்னவெல்லாம் இருக்கின்றன?

புராணம் நிறைய இருக்கிறது. சிவபெருமானின் திருவிளையாடல்கள், இராமாயணக் காட்சிகள், அடியார்களின் கதைகள். வரிவரியாகப் பிரித்து, கதையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போகும் முறை. முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கண் மட்டும் நீளமாக, முழுதாக வரையப்பட்டிருக்கும். உடுத்திய துணியின் கரையையும் பூவேலையையும் ஒன்றுவிடாமல் போட்டிருப்பார்கள். அந்தக் காலத்து நெசவைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு இதுவே ஒரு மாதிரிப் புத்தகம்.

புராணத்துக்கு நடுவே ஒரு போர் நடக்கிறது. யானைகள், குதிரை வீரர்கள், நெருக்கியடித்து நிற்கும் காலாட்கள். விஜயநகரப் பேரரசர் அச்சுததேவராயரின் படை திருவிதாங்கூர் மன்னரை எதிர்த்து 1532-இல் நடத்திய தாமிரபரணிப் போர்தான் இது என்று ஆய்வாளர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆற்றங்கரையில் நடந்த போரை இந்த ஆற்றங்கரையிலேயே வரைந்துவைத்திருக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் செய்தி இங்கே புழுதி கிளப்பிக்கொண்டு நிற்கிறது.

நான் யாரை அழைத்துப் போனாலும் அதிக நேரம் நிறுத்திவைப்பது கப்பல் ஓவியத்தின் முன்னால்தான். அரபு வணிகர்கள் குதிரைகளைக் கப்பலில் ஏற்றி வருகிறார்கள். கடலே தெரியாத ஓர் ஊரின் கோபுரத்தில் கப்பல் எதற்கு என்று கேட்டால், பதில் ஆற்றின் மறுமுனையில் இருக்கிறது. நல்ல போர்க்குதிரைகள் நம் நாட்டில் பெருகவில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் வந்திறங்க வேண்டியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தபோது, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் என்று காயலைப் பற்றி எழுதிவைத்தார். அந்தக் காயல் இதே தாமிரபரணி கடலில் சேரும் முகத்தில்தான் இருந்தது. ஓவியர் கப்பலைக் கண்ணால் பார்த்தாரோ, பார்த்தவர் சொல்லக் கேட்டாரோ, ஆறு கொண்டுவந்து சேர்த்த செய்தி அது.

கோபுரத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஏறிவிடலாமா?

முடியாது. சாதாரணமாகப் பூட்டித்தான் இருக்கும். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி பெற்றுத்தான் ஏற வேண்டும். போன அன்றே கிடைக்காமலும் போகலாம். அதற்காகச் சண்டை போடாதீர்கள். மரப்படிகளும் பழைய பலகைகளும் கூட்டத்தைத் தாங்காது. நானே ஒருமுறை பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போய், காவலுக்கு இருந்த பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “தம்பி, இது பொருட்காட்சி இல்லை, நாலு நாலு பேராக வாருங்கள்” என்றார். அன்றைக்குக் கடைசி நாலு பேர் இறங்கி வரும்போது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். அந்த அண்ணாச்சி சொன்னதுதான் சரி.

ஏறக் கிடைக்காவிட்டால் கோயிலுக்குப் பின்னால் ஆற்றங்கரைக்கு வாருங்கள். மருத மரங்கள் நிறைந்த கரை. நாரையும் கொக்கும் கூடு கட்டி அடைகாக்கும் இடம். 2005-இல் பறவைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கொக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆற்றில் கீழே இன்னோரிடத்தில் அது மறுபடியும் வரும்.

வண்ணங்களை எதிலிருந்து எடுத்தார்கள்?

சுவரில் முதலில் மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசினார்கள். அதன்மேல் நன்றாக அரைத்த சுண்ணாம்பைச் சன்னமாகப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். சிவப்பும் மஞ்சளும் காவி மண். கருப்பு விளக்குக் கரி. வெள்ளை சுண்ணாம்பேதான். முதலில் காவியால் கோட்டுருவம். பிறகு வண்ணத்தை நிரப்பி, கடைசியில் கருங்கோட்டால் கண்ணையும் விரலையும் நகையையும் எடுப்பாக்குவார்கள். நாயக்கர் கால வேலைகள் பெரும்பாலும் சாந்து காய்ந்தபின் பசை கலந்த வண்ணத்தால் தீட்டியவை. ஆகவே வண்ணம் சுவருக்குள் இறங்காமல் மேலே ஓர் ஏடாகவே நிற்கிறது. ஈரம் பட்டாலோ, விரலால் தேய்த்தாலோ உரிந்து வருவது இதனால்தான்.

குற்றாலத்தில் ஒரு சபை முழுக்க ஓவியம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் இரண்டு இந்த ஆற்று நாட்டில் இருக்கின்றன. திருவாலங்காடு ரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை ஆகிய மூன்றும் வெளியே. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. மற்ற நான்கிலும் அவர் செப்புத் திருமேனியாகவோ கல்லாகவோ நிற்கிறார். குற்றாலத்தில் மட்டும் அவரே ஓவியம். சுவரில் தீட்டிய நடராசருக்குத்தான் அங்கே வழிபாடு.

அருவிக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இதைப் பார்ப்பதில்லை. சித்திர சபை, குற்றாலநாதர் கோயிலிலிருந்து சிறிது தள்ளித் தனியாக இருப்பதும் ஒரு காரணம். தெப்பக்குளத்தின் பக்கத்தில், ஓசையில்லாத இடம். அருவி இரைச்சலிலிருந்து வந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் காது அடைத்ததுபோல இருக்கும். சுவர்களில் தெய்வ வடிவங்களும் புராணக் காட்சிகளும் வரிசையாக இருக்கின்றன. மார்கழித் திருவாதிரையை ஒட்டி இங்கே நடராசருக்குத் தாண்டவ தீபாராதனை நடக்கும். தீபம் அசையும்போது வண்ணமும் அசைகிறது. மின்விளக்கில் பார்த்தவர்களுக்கு அந்த நடராசர் நிற்கிறார். தீபத்தில் பார்த்தவர்களுக்கு ஆடுகிறார். முதன்முதலில் என் ஆச்சியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின்னும் அந்த அசைவு கண்ணை விட்டுப் போகவில்லை.

குற்றாலத்து நீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. எனவே இதையும் பொருநைக் கரைப் பயணத்தில் சேர்ப்பதில் தவறில்லை.

இவற்றையும்விடப் பழைய ஓவியம் இருக்கிறதா?

கடையநல்லூர்ப் பக்கம் திருமலாபுரத்தில் முற்காலப் பாண்டியர் குடைவரை ஒன்று இருக்கிறது. அதன் கூரையிலும் தூணின் தலைப்பகுதியிலும் சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தன்னவாசலைப் பார்த்துவிட்டு அதே அளவை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். மிஞ்சியிருப்பது சொற்பம். கண் பழகப் பத்து நிமிடம் நின்றால் தாமரைக் கொடியும் சில உருவங்களும் மெல்ல வெளியே வரும். ஆர்வம் மிகுந்தவர்கள் மட்டும் போகலாம்.

அருங்காட்சியகங்களில் எதை முதலில் பார்ப்பது?

ஆதிச்சநல்லூர். திருச்செந்தூர் சாலையில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர் பரந்த இடுகாடு. ஜெர்மானியரான ஜாகோர் 1876-இல் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் ஆறு ஆண்டுகள் தோண்டினார். அவர் எடுத்த வெண்கலப் பொருள்களும் பொன் பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் ஊர்ப் பொருளைப் பார்க்க நாம் ரயிலேற வேண்டிய நிலை நூறு ஆண்டுக்குமேல் இருந்தது. 2023 ஆகஸ்டில்தான் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்க வழி செய்தார்கள். காலடியில் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு மனிதரை வைத்துப் புதைத்த தாழி. அந்தத் தளத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதை நான் கேட்டதில்லை.

ஓவியம் தேடி வந்தவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? 2004-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் ஒரு பானைத் துண்டு கிடைத்தது. அதில் களிமண்ணை உருட்டி ஒட்டி உருவங்கள் செய்திருக்கிறார்கள். ஒல்லியான ஒரு பெண், நெற்கதிர், ஒரு மான், ஒரு முதலை, ஒரு கொக்கு. தூரிகை படவில்லைதான். ஆனாலும் ஆற்றங்கரையில் தன்னைச் சுற்றி இருந்ததை ஒருவர் உருவமாக்க நினைத்திருக்கிறார், அதை விரலாலேயே செய்திருக்கிறார். திருப்புடைமருதூர் மருத மரத்தில் காலையில் பார்த்த கொக்கு இதுதான். நெல்லும் அப்படியே இருக்கிறது. மான் மலைக்கு ஏறிவிட்டது.

அடுத்து, ரெட்டியார்பட்டி மலையடிவாரத்துப் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களின் அகழாய்வுப் பொருள்களுக்காகவே எழுப்பியது. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று வந்தது இந்த நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பெருமையான செய்தி. தாழியையும் பானையையும் பார்க்கும்போது அவற்றின் மேல் கீறிய குறியீடுகளைத் தவறவிடாதீர்கள். கீழே உள்ள விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். பானையின் தோள்பட்டையைப் பாருங்கள்.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. சிறியது, அமைதியானது, ஒரு மணி நேரம் போதும். இதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கொண்டையராஜு யார்? அவரை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

உங்கள் வீட்டுப் பூஜையறையில் பழைய லட்சுமி படமோ, முருகன் படமோ, மீனாட்சி கல்யாணமோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறதா? கீழ் மூலையைக் கூர்ந்து பாருங்கள். ஆங்கில எழுத்தில் சின்னதாக அவர் கையெழுத்து இருக்கக்கூடும்.

சி. கொண்டையராஜு 1898-இல் சென்னையில் பிறந்தவர். அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையும் ஓவியராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். அரண்மனை, காடு, கைலாயம் என்று காட்சிக்கு ஒரு சீலை. அப்படிச் சுற்றியபடியே 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 1976-இல் இறக்கும்வரை அதுதான் அவர் ஊர். அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிவகாசி. அங்கே அச்சுத் தொழில் பெருகியபோது காலண்டருக்குச் சாமி படம் தேவைப்பட்டது. கொண்டையராஜுவும் சுப்பையா, இராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் முதலிய அவருடைய சீடர்களும் வரைந்தார்கள். துணிக்கடையும் நகைக்கடையும் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுத்த அந்தக் காலண்டர்கள் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தன. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். தெய்வத்தின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நம் மனத்தில் எழும் முகம் பெரும்பாலும் கோவில்பட்டியில் வரைந்தது.

நாடகத் திரையின் கை அந்தப் படங்களில் தெரியும். சாமிக்குப் பின்னால் தூண்கள், விலக்கிக் கட்டிய திரை, தூரத்தில் மலையும் நீரும், முகத்தில் முன்னாலிருந்து விழும் வெளிச்சம். மேடையில் நிற்கும் நடிகரைப் போலவே தெய்வம் நேராக நம்மைப் பார்க்கும். கோபுரத்து ஓவியத்தில் தெய்வங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காலண்டரில் அவர்கள் நம் பக்கம் திரும்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துக் கும்பிட அதுதான் வேண்டியிருந்தது.

பல படங்களில் அவர் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கோபுரத்தில் பெயரே இல்லாத கூட்டுவேலை; இங்கே பெயரோடு கூட்டுவேலை. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. கோவில்பட்டி ஆற்றங்கரை ஊர் இல்லை, கரிசல் பூமி. இருந்தாலும் அவரை விட்டுவிட்டுத் திருநெல்வேலிச் சீமையின் ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

ரவிவர்மாவின் ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது?

கிளிமானூர் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில். செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகலாம். வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தமடைப் பாயையும் இதில் சேர்க்கலாமா?

கட்டாயம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. ஆற்றங்கரையில் விளையும் கோரையை வெட்டி, உலர்த்தி, ஊறவைத்து, மயிரிழை போலக் கீறி, பருத்தி நூல் பாவில் ஊடாகக் கொடுத்து நெய்கிறார்கள். நல்ல பாய் பட்டுத்துணியைப் போல மடியும். வேலையில் பெரும்பகுதி அவ்வூர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் கையில் இருக்கிறது. கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையும் நெய்து தருவார்கள். சுவரோவியத்தில் வரைந்தவர் பெயர் இல்லை; காலண்டரில் வரைந்தவர் பெயர் இருந்தது; பாயில் வாங்குகிறவர் பெயர் இருக்கிறது. நெய்தவர் பெயரை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விலையைப் பேரம் பேசும் முன் அதைக் கேளுங்கள்.

அடுத்த ஊர்களில் ஒன்றான காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. நேரமிருந்தால் சக்கரத்தின் முன்னால் சிறிது நேரம் உட்காரலாம். ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பார்ப்பது தனி அனுபவம்.

சிற்பம்?

கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். திருச்செந்தூர் சாலையில்தான், ஆதிச்சநல்லூருக்குப் போகும் வழியில். நாயக்கர் காலத்துச் சிலைகள்: கர்ணன், வீரபத்திரர், இளவரசியைத் தோளில் தூக்கிப்போகும் குறவன். நகக்கண்ணும் நரம்பும் தெரியும். தட்டிப் பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எப்படிப் போவது?

மூன்று நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். முதல் நாள் மேற்கே: திருநெல்வேலி – செங்கோட்டை ரயிலில் வீரவநல்லூரிலோ சேரன்மகாதேவியிலோ இறங்கினால் திருப்புடைமருதூருக்கும் பத்தமடைக்கும் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் தென்காசி, குற்றாலம், முடிந்தால் திருமலாபுரம். மூன்றாம் நாள் கிழக்கே கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர். திரும்பும்போது பொருநை அருங்காட்சியகம். கோவில்பட்டி வடக்கே இருக்கிறது, சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு வழியிலேயே வரும்.

கோயில்கள் மதியம் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குமேல்தான் திறக்கும். ஆகவே காலையில் கோயில், மதியம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். சுவரோவியத்துக்குக் காலை வெளிச்சம்தான் நல்லது.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். சாரலும் காற்றும் நன்றாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் சித்திர சபைக்குப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நவம்பர், டிசம்பரில் ஆற்றை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

படம் எடுக்கலாமா?

அனுமதி கேளுங்கள். அனுமதித்தாலும் பிளாஷ் வேண்டாம். ஒரு சிறிய கைவிளக்கைச் சுவரில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால் அதைவிட நல்லது. ஒரு குதிரையின் காலை நீங்களே வரைந்து பார்த்தால்தான் வரைந்தவரின் கை எவ்வளவு வேகமானது என்று புரியும்.

இத்தனை நூற்றாண்டு இருந்த ஓவியங்கள் இப்போது ஏன் அழிகின்றன?

மழைநீர் கசிவதால் சாந்து உப்பி விழுகிறது. வௌவால் எச்சம் வண்ணத்தை அரிக்கிறது. விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் ஏறி ஏறிக் கருப்பு ஏடாகப் படிகின்றன. ஆணியால் பெயர் கீறுகிறவர்கள் வேறு. இவற்றைவிட அதிகம் அழித்தது நம் நல்லெண்ணம்தான் என்பேன். கும்பாபிஷேகம் வந்தால் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊருக்கு அருகே ஒரு சிறிய கோயில் மண்டபத்தில் மங்கலாக ஓவியங்கள் இருந்தன. வால் சுருண்ட ஒரு யாளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு போனபோது சுவர் முழுக்க வெள்ளை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஊர் கூடி வரி வசூலித்து, சந்தோஷமாகத்தான் அடித்தார்கள். யாளி அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் இருக்கும் என்று நானும் பல ஆண்டு நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு டைல்ஸ் ஒட்டினார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கப்போகிறது என்று தெரிந்தால், வேலை தொடங்கும் முன்பே எல்லாச் சுவர்களையும் படம் எடுத்துவையுங்கள். ஓவியம் இருக்கிறது என்று அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம். ஆதிச்சநல்லூருக்கு அவசியம் அழைத்து வாருங்கள். கோபுரத்துக்குள் ஏற்ற வேண்டாம்.

எங்கள் வீட்டில் பழைய சாமி படக் காலண்டர்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள், ஆற்றில் விடாதீர்கள். பழைய சாமி படங்களை ஆற்றில் விடுவது மரியாதை என்று நினைக்கிறார்கள். குறுக்குத்துறையில் அப்படி மிதந்து வந்த ஒரு சரசுவதியை நானே எடுத்துக் காயவைத்திருக்கிறேன். நேர்வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். கண்ணாடிமேல் குங்குமம் வைப்பதில் குற்றமில்லை, தாளின்மேல் வேண்டாம். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் புகை ஏறாது.

கீழ் மூலையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கடை கொடுத்தது, எந்த ஆண்டு, யார் வாங்கி வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, சட்டத்தின் பின்பலகையில் பென்சிலால் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டு முருகன் படத்தின் பின்னால் ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதியது இப்போதும் இருக்கிறது: “அம்பாசமுத்திரம் ஜவுளிக்கடை, பெரிய அக்காள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தபோது கொடுத்தது.”